‘கெமிக்கல் இல்லை’ என்று லேபிள் ஒட்டும் தங்கைகளுக்கு



சென்ற மாதம் மகளிர் குழுக் கண்காட்சியில் உங்கள் ஸ்டாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூ சோப்பு, மல்லிகை பாடி லோஷன், குழந்தைக்கான எண்ணெய் என்று மேசை நிறைய வைத்திருந்தீர்கள். நான் கிளம்பும் நேரத்தில் உங்களில் ஒருத்தி மேசைக்கு அடியில் குனிந்து, பச்சை மூடி போட்ட அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதில் பென்சைல் பென்சோயேட் என்று எழுதியிருந்தது.

“அக்கா, இது விஷமாமே? ஐரோப்பாவுல தடை பண்ணின 26 பொருள்னு வாட்ஸப்புல ஒரு லிஸ்ட் சுத்துது. அதுல இதுவும் இருக்கு. ரெண்டு வருசமா லோஷன்ல போட்டுட்டு இருக்கோம். கொட்டிரவா?”

பக்கத்தில் வாடிக்கையாளர்கள் நின்றதால், “கொட்டாதே, எழுதி அனுப்புகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டது ஒருத்தி என்றாலும் கவலை உங்கள் எல்லோருடையதும் என்பதால் குழு முழுவதற்கும் சேர்த்து எழுதுகிறேன். வாசனைப் பொருள் தயாரிக்கும் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் மூக்கையும் சோதனைக் குழாயையும் வைத்தே பிழைத்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பழக்கத்தில் இந்த மடல் கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 26. அது தடைப்பட்டியலே இல்லை. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் அழகுப்பொருள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதுவரை லேபிளில் ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வாசனைப் பொருள் அத்தனையும் ஒளிந்துகொள்ளலாம். சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களை மட்டும் இனி பெயர் சொல்லி எழுத வேண்டும் என்றது திருத்தம். தோலிலேயே தங்கும் லோஷன், கிரீம், சென்ட் போன்றவற்றில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எழுத வேண்டும். கழுவிவிடும் சோப்பு, ஷாம்பூவில் 0.01 சதவீதத்துக்கு மேல். பெயரை எழுதிவிட்டுப் பயன்படுத்தலாம். 2023-ல் வந்த புதிய விதி அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக நீட்டியிருக்கிறது. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு அதன் கெடு 2026 ஜூலை 31.

வாட்ஸப் செய்தியில் துளி உண்மையும் உண்டு. அந்த 26-ல் இரண்டு பொருள்கள் பின்னாளில் நிஜமாகவே தடையாயின. லைரல் என்ற பெயரில் விற்றது ஒன்று; அது பலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. மற்றது லிலியால், இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்று வகைப்படுத்தப்பட்டு 2022 மார்ச்சில் விலக்கப்பட்டது. இரண்டையும் தூக்கிய அதே ஆட்கள்தான் பென்சைல் பென்சோயேட்டைப் ‘பெயர் எழுது, போதும்’ என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அழகுப்பொருள் மூலப்பொருள்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவும் இப்போதைய பயன்பாட்டு அளவில் இது பாதுகாப்பானது என்றே முடிவு சொல்லியிருக்கிறது.

இதை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் ‘பெரிய இடத்தில் சரி என்றுவிட்டார்கள்’ என்பதை நம்பி ஒரு பொருளை வாங்குவதும், ‘வாட்ஸப்பில் விஷம் என்றார்கள்’ என்பதை நம்பி அதைக் கொட்டுவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் படுகிறது. நீங்களே எடைபோடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பென்சைல் பென்சோயேட்டின் வாசம் தெரிந்திருக்கும், பெயர்தான் தெரிந்திருக்காது. நான் விடுதியில் படித்தபோது ஒரு வருடம் அறை அறையாகச் சிரங்கு பரவியது. அரசு மருத்துவமனை நர்ஸ் வந்து, எங்களை வரிசையில் நிற்கவைத்து, கழுத்திலிருந்து கால்விரல்வரை பால்போன்ற வெள்ளை மருந்தைப் பெயிண்ட் அடிப்பதுபோல் பிரஷ்ஷால் பூசிவிட்டார். சொறிந்து புண்ணான இடங்களில் அது பட்டதும் எரிந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. அதோடு ஒரு மங்கலான, இனிப்பும் பிசினும் கலந்தாற்போன்ற வாசம். பல வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், வாசனை பார்க்கும் காகிதத் துண்டு ஒன்றை மூத்தவர் ஒருவர் என் மூக்கருகே நீட்டினார். “விடுதி” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்த வெள்ளை மருந்தில் பென்சைல் பென்சோயேட் 25 சதவீதம், அதாவது கால் பங்கு. 1937-லேயே கிஸ்மேயர் என்ற டேனிஷ் மருத்துவர் இதைச் சிரங்குக்குப் பூசி, நோயாளிகளைப் படுக்கவைக்காமலே குணப்படுத்தலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் சீருடைகளை இதில் நனைத்துக் கொடுத்தார்கள். புதர்க் காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய உண்ணிகள் அண்டாமலிருக்க அந்த ஏற்பாடு. துவைத்தாலும் சுலபத்தில் போகாது என்பது இதன் சிறப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றைக்கும் இதன் பெயர் இருக்கிறது. ஆக, உங்கள் லோஷனில் ஒளித்து வைத்திருக்கும் பொருளை, அதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக, மூன்று தலைமுறை மனிதர்கள் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

இனிக் கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தி ஒரு நாளைக்கு 8 கிராம் லோஷன் பூசுகிறாள் என்று வைப்போம். கை, கால், உடம்பு என்று தாராளமாகப் பூசினால் அவ்வளவு ஆகும். நீங்கள் லோஷனில் வாசனைக் காம்பவுண்ட், அதாவது பல வாசனைப் பொருள்களின் கலவை, 1 சதவீதம் சேர்க்கிறீர்கள். ஆக 80 மில்லிகிராம். அந்தக் காம்பவுண்டில் 30 சதவீதம் பென்சைல் பென்சோயேட் என்றால் 24 மில்லிகிராம். அதில் ஒரு பகுதி காற்றோடும் துணியோடும் போய்விடும். அந்தச் சலுகையைக் கொடுக்காமல், அத்தனையும் தோல் வழியே ரத்தத்துக்குப் போவதாகவே வையுங்கள். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம்.

உள்ளே போனபின் அது என்ன ஆகிறது? இது பென்சைல் ஆல்கஹாலும் பென்சாயிக் அமிலமும் கைகோத்த எஸ்டர். உடம்பு அந்தக் கையைப் பிரித்துவிடுகிறது. ஆல்கஹால் பாதியும் பென்சாயிக் அமிலமாகிவிடும். அதைக் கிளைசீன் என்ற அமினோ அமிலத்தோடு கட்டி, ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது கல்லீரல். (ஹிப்போஸ் என்றால் கிரேக்க மொழியில் குதிரை. குதிரைச் சிறுநீரில் கண்டதால் அந்தப் பெயர். பென்சாயிக் என்ற பெயரோ சாம்பிராணிப் பிசினிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பிசினைச் சூடாக்கி, ஆவியாகப் படியும் அமிலத்தை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் புகை போடுகிறீர்களே, அந்தச் சாம்பிராணி பென்சைல் பென்சோயேட்டுக்குத் தாய்மாமன் முறை.)

24 மில்லிகிராம் முழுவதும் உடைந்தால் ஏறக்குறைய 28 மில்லிகிராம் பென்சாயிக் அமிலம் வரும். கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. உணவில் பதப்படுத்தச் சேர்க்கும் பென்சாயிக் அமிலத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் உறுதிசெய்த தினசரி வரம்பு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்க நாள்தோறும் தின்றாலும் கவலையில்லை என்று வைத்த வரம்பு அது. உங்கள் லோஷன் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. என்னைப் பிரஷ்ஷால் பூசிய நர்ஸ் 30 மில்லி மருந்து செலவழித்திருந்தால், ஏழரை கிராம் பென்சைல் பென்சோயேட் என் மேல் இருந்திருக்கும். உங்கள் லோஷன் தரும் அளவைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல்.

நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குமுன் அதே கணக்கை உங்கள் குழந்தை எண்ணெய்க்கும் போடுங்கள். ஆறு கிலோ குழந்தை. பாட்டி மடியில் போட்டு 5 கிராம் எண்ணெய் தேய்க்கிறாள். அதே காம்பவுண்ட், அதே 1 சதவீதம். 15 மில்லிகிராம் பென்சைல் பென்சோயேட். அதிலிருந்து 17 மில்லிகிராம் பென்சாயிக் அமிலம். ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட 3. அந்தத் தினசரி வரம்பில் பாதியைத் தாண்டிவிட்டது. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கோ அந்த வரம்பே பொருந்தாது, ஏனென்றால் கட்டி அனுப்பும் வேலையை அதன் கல்லீரல் இன்னும் முழுதாகக் கற்கவில்லை. அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் சிலர் மூச்சுத் திணறி இறந்த செய்தி 1982-ல் வெளியே வந்தது. ரத்தக் குழாயில் செருகிய டியூபைக் கழுவப் பயன்படுத்திய உப்பு நீரில் பதப்படுத்தியாகப் பென்சைல் ஆல்கஹால் இருந்திருக்கிறது. அது நேராக ரத்தத்தில் போனது. அதுவும் மிக அதிக அளவில். தோலில் பூசும் எண்ணெயோடு அதை ஒப்பிடவே முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் குழந்தை எண்ணெய்க்கு வாசனை எதற்கு? குழந்தைக்கு அது வேண்டாம், வாங்குகிற தாய்க்குத்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பொருளிலிருந்து காம்பவுண்டை எடுத்துவிடுங்கள். இந்த மடலில் நான் கட்டளையாகச் சொல்வது இது ஒன்றுதான்.

மேலே போட்டது நஞ்சுக்கான கணக்கு. ஒவ்வாமை இந்தக் கணக்குக்குள் அடங்காது. நஞ்சு என்றால் அளவு கூடக் கூட எல்லோருக்கும் ஆபத்து கூடும். ஒவ்வாமை என்பது உடம்பின் ஞாபகம். ஆயிரம் பேருக்கு ஒன்றும் செய்யாத துளி, ஒருத்தியின் கழுத்தைச் சிவக்கவைத்து இரவு முழுக்கச் சொறியவைக்கும். 2012-ல் ஐரோப்பிய அறிவியல் குழு நீண்ட அறிக்கை ஒன்று வெளியிட்டது. மனிதர்களில் தொடு ஒவ்வாமை தருவதாக உறுதியான பொருள்களின் வரிசையில் பென்சைல் பென்சோயேட்டும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் இது சாது. தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் முதல் வாசனைக் கலவை என்று எட்டுப் பொருள் சேர்ந்த ஒன்று உண்டு. லவங்கத்தின் யூஜினால், பட்டையின் சின்னமால் எல்லாம் அதில் இருக்கும், பென்சைல் பென்சோயேட் இருக்காது. அதே டெஸ்டில் பெரு பால்சம் என்ற பிசினையும் ஒட்டுவார்கள். (பெயர்தான் பெரு, பிசின் வருவது எல் சால்வடாரிலிருந்து.) அந்தப் பிசினில் பென்சைல் பென்சோயேட் நிறைய உண்டு. பிசினுக்குச் சிவக்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பென்சைல் பென்சோயேட்டைத் தனியே ஒட்டிப் பார்த்தால் சிவப்பது அபூர்வம். கூட்டத்தில் குற்றவாளி வேறு ஆள்.

லாவண்டர் எண்ணெயில் இருக்கும் லினலூலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது லினலூலும் சாதுதான். மூடி திறந்த பாட்டிலில் காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறியபின் அதில் உண்டாகும் பொருள்கள் கடுமையான ஒவ்வாமை தருபவை. பென்சைல் பென்சோயேட் அப்படிச் சுலபத்தில் கெடுவதில்லை. பச்சை மூடி பாட்டிலைப் பார்த்து நடுங்கிய உங்கள் மேசையில், பாதி காலியான லாவண்டர் எண்ணெய் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பதைத்தது அதைப் பார்த்துத்தான்.

யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. புது லோஷன் கலக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களே சிலர் முழங்கை மடிப்புக்குக் கீழே உள்பக்கமாக, ஒரு பெரிய காசு அளவு இடத்தில், காலையும் மாலையும் பூசிப் பாருங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரே நாளில் பார்த்துவிட்டு ‘டெஸ்ட் செய்தாயிற்று’ என்று சொல்லாதீர்கள். ஒவ்வாமை தலைகாட்டச் சில நாள் பிடிக்கும். அரிப்பும் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு, எந்தக் காம்பவுண்ட், எந்தத் தேதி என்று நோட்டில் எழுதுங்கள். ஏற்கனவே எக்சிமா உள்ள பெண்ணை இதற்கு உட்காரவைக்காதீர்கள். அவளுக்குத் தோல் மருத்துவர்தான்.

இப்போது உங்கள் பெருமைக்குரிய மல்லிகைக்கு வருகிறேன். “காம்பவுண்டை நிறுத்திட்டு அசல் பூ அப்சல்யூட்டே வாங்கிடறோம், விலை ஏறினாலும் பரவாயில்லை” என்று ஒருத்தி சொன்னாள். நல்ல எண்ணம். ஆனால் எதிலிருந்து தப்பி எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்கிறோமே, அந்தப் பூவை ஹெக்சேனில் ஊறவைத்து, மெழுகு போன்ற கான்கிரீட் எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி எடுப்பதுதான் அப்சல்யூட். பரிசோதித்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பென்சைல் பென்சோயேட் இருக்கும். செடி தானே செய்துகொண்டது, யாரும் கலக்கவில்லை. சம்பங்கி அப்சல்யூட்டிலும் இருக்கிறது. இலாங் இலாங் எண்ணெயிலும் இருக்கிறது. பூவிலிருந்து வந்த மூலக்கூறுக்கும் ஆலையிலிருந்து வந்த மூலக்கூறுக்கும் உங்கள் தோல் வித்தியாசம் பார்க்காது. பூவில் கூடவே இன்னும் நூறு பொருள்கள் வரும் என்பதுதான் வித்தியாசம். வாசத்துக்கு அது வரம், ஒவ்வாமை உள்ளவளுக்கு அதுவே தொல்லை.

நம் ஊர்க் குண்டுமல்லியின் கதை வேறு. அதில் இது குறைவு; அதன் குணமே தனி. பிச்சியையும் குண்டுமல்லியையும் ஒரே ‘ஜாஸ்மின்’ என்று விற்கும் வியாபாரியிடம் வாங்காதீர்கள். இது பாதுகாப்புப் பேச்சல்ல, மூக்கின் ஆதங்கம்.

பிறகு ஏன் பென்சைல் பென்சோயேட்டைத் தனியாக வாங்கி ஊற்றுகிறார்கள் என்று கேட்பீர்கள். தனக்கென்று பெரிய வாசம் இல்லை என்பதே இதன் பலம். பொடியாக இருக்கும் கஸ்தூரி வகைகள் சாராயத்தில் சுலபத்தில் கரையாது, இதில் கரையும். 320 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும் என்பதால் மெதுவாகவே ஆவியாகும். கூட இருக்கும் அவசரக்கார வாசனைகளையும் பிடித்து நிறுத்தும். தொழிலில் இதற்கு ஃபிக்சேட்டிவ் என்று பெயர். சாயங்காலம் வைத்த பூ மறுநாள் காலைவரை வாசம் வீசுவதில் கனமான மூலக்கூறுகளுக்குப் பங்கு உண்டு. காம்பவுண்டில் இது செய்வதும் அந்த வேலைதான்.

சோப்பில் போட்டால் மட்டும் ஏமாற்றும். காஸ்டிக் சோடா வேலைசெய்துகொண்டிருக்கும் சோப்புக் கூழில் எஸ்டர்கள் உடையும். மல்லிகை வாசத்துக்கு முதுகெலும்பான பென்சைல் அசிடேட் முதலில் போகும்; இதுவும் கொஞ்சம் உடையும். உங்கள் மல்லிகை சோப்பு ஒரு மாதத்தில் மல்லிகையை மறந்துவிடுகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். காரத்தைத் தாங்கும் காம்பவுண்ட் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. பொருளின் பெயரைவிட அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்பதுதான் பல சமயம் கேள்வியே. பென்சைல் பென்சோயேட்டைச் செய்யும் வழிகளில் ஒன்று பென்சைல் குளோரைடிலிருந்து தொடங்குகிறது. சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் அதன் மிச்சம் தங்கும். அது கண்ணீரை வரவழைக்கும், தோலுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் வாசனைத் தொழிலில் எஃப்.எஃப்.சி. என்று கேட்டு வாங்குவோம். குளோரின் இல்லாதது என்று பொருள். ஆய்வகத்தில் செப்புக் கம்பியை நிறம் போகும்வரை காய்ச்சி, திரவத்தில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுவோம். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, சரக்கு திரும்பப் போகும். நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். விற்பவரிடம் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான சி.ஓ.ஏ. என்ற பரிசோதனைச் சான்றுக் காகிதத்தைக் கேளுங்கள். தூய்மை 99 சதவீதத்துக்கு மேல் என்று இருக்க வேண்டும். “காகிதமெல்லாம் கிடையாதும்மா, நல்ல சரக்கு” என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

அடுத்தது டி.இ.பி. கலப்படம். டைஎத்தில் தாலேட் என்ற அந்தக் கரைப்பான் விலை மலிவு. தாலேட் குடும்பத்தில் ஐரோப்பா அழகுப்பொருள்களிலிருந்து விலக்கியது வேறு சிலரை; இவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நீங்கள் காசு கொடுத்தது இவருக்கு அல்லவே. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மூழ்கினால் அசல் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னீர்கள். அது உதவாது. இரண்டுமே தண்ணீரைவிடக் கனம், அடர்த்தி கிட்டத்தட்ட 1.12. இரண்டுமே மூழ்கும். வித்தியாசம் ஒளியில் தெரியும்: ஒளிவிலகல் எண் இதற்கு 1.568-க்கு மேல், டி.இ.பி.-க்கு 1.50 பக்கம். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அப்பே ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

வீட்டிலேயே பார்க்க இன்னொரு வழி உண்டு. பென்சைல் பென்சோயேட் 20 டிகிரி அளவிலேயே உறையும். மார்கழியில் ஊட்டியில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தி, பாட்டிலுக்குள் பனிக்கட்டிபோல் கட்டிவிட்டது, கெட்டுப்போயிற்று என்று போன் செய்தாள். வெந்நீரில் நிற்கவைக்கச் சொன்னேன், தெளிந்துவிட்டது. டி.இ.பி. உங்கள் ஃப்ரிட்ஜில் உறையவே உறையாது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கட்டினால் பெரும்பாலும் அசல். கட்டாவிட்டால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இது பிடிவாதக்காரத் திரவம். உறையும் புள்ளிக்குக் கீழே போயும் சில நேரம் திரவமாகவே நிற்கும். அப்போதுதான் கல்லூரிக்குப் போக வேண்டும். ஒன்று மறந்துவிட்டேன்: கண்ணாடியில் வையுங்கள். சில பிளாஸ்டிக்குகளை இது இளக்கிவிடும்.

பூனை வளர்ப்பவர்கள் இதைப் பூனை மேல் படவிடாதீர்கள். பூனையின் கல்லீரலுக்கு இதைச் சமாளிக்கும் திறன் குறைவு. இன்னொன்று, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்று இதை வகைப்படுத்தியிருக்கிறார்கள், விளைவு நீண்ட நாள் நிற்கும் என்ற குறிப்போடு. “கொட்டிரவா?” என்று கேட்ட தங்கையே, அன்று கண்காட்சிக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் அரை லிட்டரையும் கொட்டியிருந்தால், அந்தப் பாட்டில் யாருக்காவது நிஜமாகக் கெடுதல் செய்யும் முதல் நாள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக உங்கள் லேபிள். ‘100% கெமிக்கல் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்தவள் யார், எனக்குக் காட்டுங்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, பின்பக்கம் சேர்மானங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மேலே போட்ட கணக்குப்படி உங்கள் லோஷனில் பென்சைல் பென்சோயேட் 0.3 சதவீதம், ஐரோப்பாவில் பெயர் எழுத வேண்டிய எல்லையைப்போல் முந்நூறு மடங்கு. அங்கே விற்கப்போவதில்லை என்றாலும் எழுதுங்கள். பேட்ச் டெஸ்டில் தனக்கு எது ஆகாது என்று தெரிந்துகொண்ட பெண், உங்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து அந்தப் பெயரைத் தேடுவாள். ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. காம்பவுண்ட் விற்பவர் சேர்மானம் ரகசியம் என்பார். முழு ஃபார்முலா வேண்டாம், ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். ஏற்றுமதி செய்கிறவர்கள் எல்லோரிடமும் அந்தத் தாள் தயாராக இருக்கும்.

உரிமம் பற்றியும் கேட்டீர்கள். விற்பதற்காகச் செய்தால், வீட்டுச் சமையலறை என்றாலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சோப்புக்கும் வேண்டும். 1982 வரை மருந்து, அழகுப்பொருள் சட்டத்தில் சோப்புக்கு விலக்கு இருந்தது, இப்போது இல்லை. 2020-ல் வந்த அழகுப்பொருள் விதிகளை ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து படித்துவிடுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

தை பிறந்ததும் உங்கள் பக்கம் வருகிறேன். அதற்குள் அந்தப் பச்சை மூடி பாட்டிலிலிருந்து ஒரு குப்பி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள், தயிர்ச் சட்டியிலிருந்து தள்ளி. குழந்தை எண்ணெயின் புது லேபிளையும் அச்சுக்குக் கொடுக்கும்முன் எனக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றும் பார்த்துத் தருகிறேன். ‘ஆவாரம்பூ’வில் போன தடவை கால் விட்டுப்போயிருந்தது.

அன்புடன்,
உங்கள் அக்கா